சிரோசிஸுக்கு செல் சிகிச்சை: முதலில் அழுத்தத்தைக் கேளுங்கள்

"ஈரல் சுருங்கிப் போச்சு, ஸ்டெம் செல் போட்டா திரும்ப வளந்துடுமாமே?" ஈரல் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நேரடியான பதில்: ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸுக்கு வழக்கமான சிகிச்சையாக இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செல் சிகிச்சை எதுவும் இல்லை. அதற்காக இருபது ஆண்டு ஆராய்ச்சி வெறுங்கையோடு நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. அதில் எது உருப்படி, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த செல் போர்ட்டல் அழுத்தத்தை, அதாவது குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையின் அழுத்தத்தை, என்ன செய்யும்? எத்தனை புது ஈரல் செல் முளைக்கும் என்று கேட்டால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

காரணம் எளிது. சிரோசிஸ் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ரத்த ஓட்டம் குலைந்ததன் விளைவுகள்தான். வயிற்றில் நீர் கோர்ப்பது, உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் வெடித்து ரத்த வாந்தி வருவது, சிறுநீரகம் படுத்துக்கொள்வது, இவை மூன்றும் ஒரே வேரிலிருந்து வருபவை.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

நல்ல ஈரலுக்குள் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியாக வருவது. இவ்வளவு ரத்தமும் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே ஈரலைக் கடந்துவிடும். சைனுசாய்டு எனப்படும் நுண்குழாய்களின் உள்சுவர் சல்லடை மாதிரித் துளைகளோடு இருப்பது இதற்கு உதவுகிறது. அந்தச் சுவருக்கும் ஈரல் செல்லுக்கும் நடுவில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு ஸ்டெல்லேட் செல்கள் சும்மா கிடக்கும்.

குடி, ஹெபடைடிஸ் பி அல்லது சி, கொழுப்பு ஈரல் என எந்தக் காரணத்தால் காயம் நீடித்தாலும் முதலில் அந்தத் துளைகள் அடைபடுகின்றன. ஸ்டெல்லேட் செல்கள் விழித்துக்கொண்டு நார்த்திசுவைச் சுரக்கின்றன. கூடவே தசை போலச் சுருங்கி நுண்குழாயை நெரிக்கவும் செய்கின்றன. ரத்த ஓட்டத்துக்குக் கூடும் எதிர்ப்பில் பெரும்பகுதி நாரும் முடிச்சுகளும் உண்டாக்குவது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இந்தச் சுருக்கத்தால் வருவது, அதை மருந்தால் தளர்த்த முடியும்.

அடுத்து நடப்பது விசித்திரம். ஈரலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து குழாய்கள் இறுகுகின்றன. ஈரலுக்கு வெளியே, குடலின் தமனிகளில் அதே நைட்ரிக் ஆக்சைடு மிகுந்து அவை விரிகின்றன. வெளியேற வழி குறுகிய இடத்துக்குக் கூடுதல் ரத்தம் வந்து சேர்கிறது. பக்கவழிச் சிரைகள் திறந்தும் அழுத்தம் இறங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

குடல் பக்கம் ரத்தம் தேங்கிவிடுவதால் உடலின் மற்ற தமனிகளுக்கு ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் கணக்குப் போடுகிறது. ரெனின், ஆல்டோஸ்டிரோன், வாசோபிரெசின் எல்லாம் ஏறி உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. இதயம் வழக்கத்தைவிட அதிகம் இறைத்தும் ரத்த அழுத்தம் தாழ்ந்தே நிற்கும். சிரோசிஸில் இதயம் இப்படிக் கூடுதலாக இறைப்பதைக் கோவால்ஸ்கியும் ஏபல்மனும் 1953-லேயே அளந்து எழுதினார்கள். தமனி விரிவுதான் நீர்கோர்ப்பின் தொடக்கம் என்ற விளக்கத்தை ஷ்ரையர் குழு 1988-ல் முன்வைத்தது.

இதை எண்ணில் சொல்ல ஹெபாட்டிக் சிரை அழுத்த வேறுபாடு என்ற அளவு இருக்கிறது, சுருக்கமாக எச்விபிஜி. 5 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. 10-ஐத் தொட்டால் நீர்கோர்ப்பு, சிரைப் புடைப்பு போன்ற சிக்கல்களுக்கு வாசல் திறந்துவிட்டது. 12-ஐத் தாண்டினால் புடைத்த சிரை வெடிக்கலாம். சிகிச்சையில் 12-க்குக் கீழே இறங்கினாலோ, தொடக்கத்திலிருந்து 20% குறைந்தாலோ ரத்தக்கசிவு அபாயம் தெளிவாகக் குறைகிறது. செல் சிகிச்சைக்கும் இதே தேர்வுத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வாதம்.

யார் யார் என்ன போட்டுப் பார்த்தார்கள்

எலும்பு மஜ்ஜை செல் ஈரலுக்குள் போய் ஈரல் செல்லாகவே மாறிவிடும் என்பது 2000 வாக்கில் இருந்த நம்பிக்கை. 2003-ல் வந்த எலி ஆய்வுகள் அதைக் கலைத்தன. மாறியதாகத் தெரிந்தவை பெரும்பாலும் மஜ்ஜையிலிருந்து வந்த செல் ஏற்கெனவே இருந்த ஈரல் செல்லோடு இணைந்துபோனவை. இன்றும் விளம்பரத் தாள்களில் "புதிய ஈரல் செல்களாக மாறும்" என்ற வரி இருந்தால் அதை எழுதியவர் இருபது ஆண்டுகள் பின்னால் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2006-ல் ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்தில் தெராய் குழு 9 நோயாளிகளுக்கு அவரவர் மஜ்ஜையைக் கொடுத்தது. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து சுமார் 400 மி.லி. எடுத்து, கழுவிப் பிரித்து, ஏறத்தாழ 520 கோடி செல்களைக் கைச் சிரை வழியாக ஏற்றினார்கள். ஈரல் உண்டாக்கும் புரதமான ஆல்புமினும், சிரோசிஸின் தீவிரத்தைச் சொல்லும் சைல்டு-பியூ ஸ்கோரும் மேம்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. பிளேட்லெட் குறைந்து ரத்தம் உறையாத நோயாளியின் இடுப்பெலும்பில் பலமுறை ஊசி குத்துவதும், அவருக்குப் பொது மயக்கம் கொடுப்பதும் சிறிய விஷயமல்ல. கூடுதலாகச் சீர்கெட்ட நோயாளிகளுக்கு இந்த முறை எட்டாமல் போனதற்கு அதுவே பெரிய தடை.

பிறகு மீசென்கைமல் செல்கள் எனப்படும் இணைப்புத்திசு ஸ்டெம் செல்களின் காலம். மஜ்ஜையிலோ தொப்புள்கொடியிலோ இருந்து எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, தேவைப்படும்போது கொடுக்கலாம். இவை ஈரலில் குடியேறுவதில்லை. சில நாட்கள் இருந்து, அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரந்துவிட்டு மறைகின்றன. தென் கொரியாவில் 2016-ல் வெளியான ஆய்வில் குடியால் வந்த சிரோசிஸ் நோயாளிகள் 72 பேர். அவரவர் மஜ்ஜை செல் 5 கோடி, ஈரல் தமனி வழியாக. திசுச் சோதனையில் நார்ப் பரப்பு ஒருமுறை பெற்றவர்களில் சுமார் 25%, இருமுறை பெற்றவர்களில் 37% குறைந்தது. மறுபக்கம், ஈரானில் 2013-ல் 27 பேரை வைத்து நடந்த சமவாய்ப்பு ஆய்வில் கைச் சிரை வழியாகக் கொடுத்த மஜ்ஜை செல்களால் எந்தப் பயனும் தெரியவில்லை. நோயின் காரணம், செல்லின் அளவு, போகும் பாதை எல்லாமே வேறு வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சீனாவில் எண்ணிக்கை பெரிது. ஹெபடைடிஸ் பி-யால் திடீரென ஈரல் செயலிழந்த 110 பேரிடம் 2017-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை நான்கு வாரம், கிலோவுக்கு 1 முதல் 10 லட்சம் மஜ்ஜை செல். 24 வாரத்தில் உயிரோடு இருந்தோர் 73.2%, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 55.6%. கடுமையான தொற்று 16.1%, மற்றதில் 33.3%. கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது ஜோடி எண்கள். பிழைத்ததற்குக் காரணம் தொற்று குறைந்ததாக இருக்கலாம். ஈரல் மீண்டும் வளர்ந்தது என்று இதிலிருந்து சொல்ல வழியில்லை.

ரத்த ஓட்டச் சிக்கலுக்கு நேராகக் குறிவைத்தது எண்டோதீலியல் முன்னோடி செல், அதாவது குழாயின் உள்சுவரைப் பழுதுபார்க்கும் செல். ஜப்பானில் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து சிரோசிஸ் உண்டாக்கிய எலிகளில் இந்தச் செல்கள் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைத்தன. ஸ்பெயினின் பம்ப்லோனாவில் சில நோயாளிகளுக்கு ஈரல் தமனி வழியாகக் கொடுத்து 2017-ல் வெளியிட்டார்கள்; அளந்தவர்களில் சிலருக்கு எச்விபிஜி இறங்கியது. சின்ன ஆய்வு, ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆனாலும் சரியான அளவுகோலைக் கையில் எடுத்தவர்கள் என்ற மதிப்பு அவர்களுக்கு உண்டு.

எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது எடின்பரோவின் மேக்ரோபேஜ் (விழுங்கும் வெள்ளணு) பாதை. நாரைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பதும், செத்த செல்களை அள்ளுவதும் மேக்ரோபேஜின் இயல்பான வேலை. நோயாளியின் ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றவிட்டு மோனோசைட் என்ற வெள்ளணுக்களைப் பிரித்து, வளர்ச்சிக் காரணி சேர்த்து ஏழு நாள் வளர்த்து, மேக்ரோபேஜாக முதிர்ந்ததும் திரும்ப ஏற்றுகிறார்கள். மஜ்ஜையைத் தொட வேண்டியதில்லை. 2019-ல் வந்த முதல் கட்ட ஆய்வில் 9 பேர், அதிகபட்ச அளவு 100 கோடி செல், பெரிய பாதிப்பு இல்லை. இரண்டாம் கட்ட முடிவு 2025-ல் வந்தது. 90-ஆம் நாளில் மெல்ட் ஸ்கோர் (ரத்தச் சோதனைகளிலிருந்து ஈரல் நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் எண்) குறைய வேண்டும் என்ற முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் ஒப்பீட்டுக் குழுவில் ஈரல் சார்ந்த தீவிர நிகழ்வுகளும் மரணங்களும் நேர்ந்தன. செல் பெற்றவர்களில் ஈரல் சார்ந்த தீவிர நிகழ்வு பதிவாகவில்லை. மெல்ட் அசையாமல் நோயாளி பிழைத்தார் என்றால் சந்தேகம் அளவுகோலின் மேல்தான் விழ வேண்டும்.

இனி எச்சரிக்கை. செல்லை வெளியே எடுக்காமல், ஜி-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி ஊசி போட்டு மஜ்ஜை செல்களை ரத்தத்துக்குள் தள்ளுவது மலிவான வழி. நம் நாட்டில் பரவலாகப் பயன்பட்டதும் இதுதான். டெல்லியின் ஐஎல்பிஎஸ் நிறுவனம் 2012-ல் 47 பேரில் நடத்திய ஆய்வில் 60 நாளில் பிழைத்தோர் 69.6%, மற்ற குழுவில் 29%. அசத்தலான வித்தியாசம். பிறகு பிரிட்டனில் சிரோசிஸ் நோயாளிகள் 81 பேரை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் ஊசியாலும் பயனில்லை, அதோடு சேர்த்து சிடி133 என்ற அடையாளம் கொண்ட ஸ்டெம் செல்லை மூன்று முறை ஏற்றியும் பயனில்லை. பாதகமான நிகழ்வுகள்தான் கூடின. ஜெர்மனியில் 176 பேரோடு நடந்து 2021-ல் வெளியான ஆய்வு பலனில்லை என்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் ஆய்வுக்கு வெளியே இந்த ஊசியை வழக்கமாகப் போடுவதற்கு நியாயம் குறைவு.

செல் போகும் பாதை

செல் சிகிச்சை பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வளர்ப்பில் பெருத்த மீசென்கைமல் செல்லின் குறுக்களவு 15 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். நுரையீரல் நுண்குழாய் 10 மைக்ரானுக்கும் குறைவு. கைச் சிரையில் ஏற்றினால் முதல் சுற்றிலேயே பெரும்பகுதி நுரையீரலில் மாட்டிக்கொள்ளும். சிரோசிஸில் இன்னொரு திருப்பம் உண்டு. ஹெபட்டோபல்மனரி நோய்க்குறி இருப்பவருக்கு நுரையீரல் குழாய்கள் விரிந்திருக்கும். அங்கே மாட்ட வேண்டிய செல்கள் நழுவி இடப்பக்க இதயத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகலாம். அதனால் ஆய்வில் சேர்க்கும் முன் ஆக்சிஜன் அளவும், உப்புநீர்க் குமிழி எதிரொலி இதயச் சோதனையும் பார்ப்பது அவசியம். உட்கார்ந்தால் மூச்சு வாங்கி, படுத்தால் சரியாகும் நோயாளி என்றால் இருமடங்கு கவனம்.

போர்ட்டல் சிரைக்குள் நேராக விட்டால் என்ன? அழுத்தம் ஏற்கெனவே கூடிய இடத்தில், ஓட்டம் ஏற்கெனவே மந்தமான குழாயில், லட்சக்கணக்கான செல்களைத் தள்ளுகிறோம். அழுத்தம் மேலும் ஏறும்; ரத்தம் உறையும். பக்கவழிகள் திறந்திருந்தால் செல் ஈரலைத் தொடாமலே பொது ஓட்டத்தில் கலந்துவிடும். ஈரல் செல்லையே ஏற்றும் சிகிச்சை சிரோசிஸில் எடுபடாமல் போனதற்கும் இதே இயற்பியல்தான் பெரிய காரணம். ஈரல் தமனிப் பாதை அழுத்தப் பிரச்சினையைத் தவிர்க்கிறது. ஆனால் தொடையிலோ மணிக்கட்டிலோ துளையிட வேண்டும். குழாயைப் படத்தில் காட்ட ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கலாம்.

ரத்தம் உறைதல் தனியாகச் சொல்லத் தக்கது. மீசென்கைமல் செல்களும் ஈரல் முன்னோடி செல்களும் மேற்பரப்பில் டிஷ்யூ ஃபேக்டர் சுமந்து வருபவை, ரத்தத்தில் பட்டதும் உறைதலைத் தூண்டும். அளவு மிகுந்தால் உறைகாரணிகள் தீர்ந்து, நோயாளிக்கு ரத்தக்கசிவு தொடங்கும். ஐரோப்பாவில் ஈரல் முன்னோடி செல் ஒன்றை ஏற்றிய ஆய்வில் தொடக்க அளவில் இப்படி நேர்ந்து, அளவைக் குறைத்துத்தான் தொடர முடிந்தது. ஏற்றும் வேகம், ஃபைப்ரினோஜன் என்ற உறைகாரணி, பிளேட்லெட் மூன்றையும் முன்னும் பின்னும் பார்க்காத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

செல் வரும் பையிலும் தவறு நடக்கும். திரவ நைட்ரஜன் ஆவியில் உறைந்திருந்த பையை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வேகமாக இளக்க வேண்டும். உறைகாப்புப் பொருளான டிஎம்எஸ்ஓ அறை வெப்பத்தில் செல்லைக் கெடுக்கும் என்பதால் இளக்கியபின் தாமதம் கூடாது. வழக்கமான ரத்தம் ஏற்றும் குழாயின் 170–200 மைக்ரான் வடிகட்டி போதும். வெள்ளணு நீக்கும் வடிகட்டியை யாராவது பழக்கதோஷத்தில் மாட்டிவிட்டால் சிகிச்சை முழுவதும் அதிலேயே தங்கிவிடும். உயிருள்ள செல் விகிதம் பொதுவாக 70%-க்குக் குறையக் கூடாது. நுண்கிருமி, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் சோதனை அறிக்கைகளும் பையோடு வர வேண்டும்.

மேம்பட்டது என்று எப்படிச் சொல்வது

மெல்ட் ஸ்கோரில் இருப்பவை பிலிருபின், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு), கிரியேட்டினின், பிற்கால வடிவங்களில் சோடியமும். வயிற்று நீரோ போர்ட்டல் அழுத்தமோ அதில் கிடையாது. சைல்டு-பியூவில் ஆல்புமினும் நீரும் உண்டு. ஆனால் ஆய்வுக் காலத்தில் ஆல்புமின் பாட்டிலும் நீர்ப்போக்கி மாத்திரையும் கொடுத்தாலே அந்த ஸ்கோர் இறங்கிவிடும். செல்லுக்குப் பெயர் போய்ச் சேரும். குடியை நிறுத்திய சில மாதங்களில் ஈரல் தானாகவே கணிசமாகத் தேறும். ஹெபடைடிஸ் பி-க்கு என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்கினாலும் அப்படியே. "செல் போட்டு ஆறு மாதத்தில் நீர் வற்றியது" என்ற காணொளியைப் பார்த்தால், அந்த ஆறு மாதத்தில் வேறு என்ன மாறியது என்று கேளுங்கள்.

எச்விபிஜி அளப்பதிலும் கைப்பழக்கம் வேண்டும். கழுத்துச் சிரை வழியாக பலூன் குழாயை ஈரல் சிரைக்குள் கொண்டுபோய், பலூன் ஊதாமலும் ஊதியும் அளந்து கழிக்க வேண்டும். ஊதிய அளவு குறைந்தது ஒரு நிமிடமாவது நிலையாக நிற்க வேண்டும், மூன்று முறை எடுக்க வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் எடுத்த எண் நம்பத்தக்கதல்ல. இந்தியாவில் அதிகம் காணப்படும் சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் நாரேற்றத்தில் அடைப்பு சைனுசாய்டுக்கு முன்னாலேயே இருப்பதால் எச்விபிஜி பொய்யாகத் தாழ்ந்து காட்டும். ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எண் மட்டும் குறைந்ததைச் சான்றாகக் காட்டுபவரிடமும் எச்சரிக்கை தேவை. அழற்சி தணிந்தாலே அந்த எண் இறங்கும், நார் அப்படியே இருக்கலாம்.

செல் வரும்வரை

அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து மலிவாகவே இருக்கிறது. கார்வெடிலோல் 6.25 மி.கி.யில் தொடங்கி, தாங்கினால் 12.5 மி.கி.; மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால் மருத்துவர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். 2019-ல் வெளியான ஸ்பானிய ஆய்வில், அழுத்தம் 10-ஐத் தாண்டியும் இன்னும் சீர்கெடாதவர்களில் பீட்டா பிளாக்கர் குழுவில் 16% பேருக்குத்தான் நோய் சீர்கெட்டது அல்லது மரணம் நேர்ந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 27%. எந்த செல்லும் இதுவரை இப்படியொரு ஆய்வைக் கடந்து வரவில்லை.

வயிற்றிலிருந்து 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் ஆல்புமின் கொடுக்க வேண்டும். 8 லிட்டர் எடுத்தால் 48 முதல் 64 கிராம், அதாவது 20% ஆல்புமின் 100 மி.லி. பாட்டில் மூன்று. விலைக்குப் பயந்து இதை விட்டால் சில நாட்களில் ரெனின் ஏறி, சோடியம் இறங்கி, சிறுநீரகம் படுக்கும். வயிற்று நீரில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு கன மி.மீ.க்கு 250-ஐத் தொட்டால் தொற்று. ஆன்டிபயாட்டிக்கோடு முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம் ஆல்புமின் என்பது 1999-லிருந்து நிலைத்த கணக்கு. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது இந்த நோயாளிகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் குறுக்கு வழி.

ஆய்வில் சேர விரும்புபவர்கள் சரிபார்க்க வேண்டியது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி அனுமதிக்கப்பட்ட ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு வெளியே ஸ்டெம் செல் பயன்பாடு ஆய்வாக மட்டுமே நடக்கலாம், பங்கேற்பவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல. ஏற்கெனவே ஈரல் புற்றுநோய்க் கட்டி இருப்பவரை நல்ல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. அதனால் தொடங்கும் முன் ஸ்கேனும் ஏஎஃப்பி என்ற புற்றுநோய் ரத்தச் சோதனையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மெல்ட் 15-ஐ எட்டியவர் அல்லது நீர் அடிக்கடி கோர்ப்பவர் ஈரல் மாற்று மையத்தைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆய்வில் சேர்ந்தாலும் மாற்றுப் பட்டியலில் இடம் தொடருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.